பூங்காவை ஆக்கிரமித்தவர்

எங்க ரோஜா நகர் பூங்கா வாசல்ல ஒரு கருங்கல் பலகை பதிச்சிருக்காக. அதுல பதினோரு பேரு இருக்கு. அந்தப் பதினோரு பேர்ல ஒருத்தருக்குக்கூட உள்ள எத்தனை மரம் நிக்குதுன்னு தெரியாது. வாசல் எந்தத் திசைன்னு கேட்டா நாலு பேரு முழிப்பாக. பேரு இருக்க வேண்டிய மனுசன் எதுத்த வீட்டு வாசல்ல பிளாஸ்டிக் சேர் போட்டு உக்காந்திருக்காரு. அவரு பேரும் அரசாங்கக் காகிதத்துல இருக்கத்தான் செய்யுது, இல்லைங்கல. ஆனா அது வேற கட்டுல, வேற ஒரு பட்டத்தோட இருக்கு. அதை நினைச்சா எனக்கு இன்னைக்கும் பத்திக்கிட்டு வருது.

நான் அய்யாத்துரை. நகராட்சி ஆபீசுக்கு எதுத்தாப்புல ஜெராக்ஸ் கடை வச்சிருக்கேன். போர்டுல ஜெராக்ஸ்னு இருந்தாலும் எனக்குச் சோறு போடுறது மனுதான். தெருவிளக்கு எரியலைன்னு மனு, தெருவிளக்கு எரியிறதால தூக்கம் வரலைன்னு மனு, எல்லாம் அடிச்சுக் கொடுப்பேன். ஊரு பேரைக் கேக்காதீக. கம்பம் பள்ளத்தாக்குல ஒரு ஊருன்னு வச்சுக்கங்க. பேரைச் சொன்னா நாளைக்கு என் மேலயே ஒரு மனு வரும், அதையும் நான்தான் டைப் அடிக்கணும்.

சேக் பரீத் பாய் திராட்சைப் பந்தல் போடுறவரு. கல்லுக்கால் ஊனி, கம்பி இழுத்து, கொடியை மேல ஏத்தி விடுற வரைக்கும் அவரு வேலை. சுருளிப்பட்டிப் பக்கம் போய் இது யாரு போட்ட பந்தல்னு கேளுங்க, பாதிப் பேரு பாய் பேரைத்தான் சொல்லுவாக. இன்னொரு விசயமும் உண்டு. ரெண்டு தோட்டத்துக்கு நடுவுல வரப்புத் தகராறு வந்தா, சர்வேயருக்கு முன்னாடி பாயைத்தான் கூப்புடுவாக. கயிறைக் கட்டி இழுத்துப் பிடிச்சு, "இங்கன உங்களுது, அங்கன அவுகளுது"ம்பாரு. அதுக்கு மேல பேச்சு கிடையாது. அடுத்தவன் மண்ணுல ஒரு சாண் தள்ளிக் கல்லு ஊனுன்னு ஒரு பெரிய மனுசன் சொன்னதுக்கு, கடப்பாரையை அங்கனயே போட்டுட்டு வீட்டுக்கு வந்த ஆளு. இதை ஞாபகத்துல வச்சுக்கங்க, பின்னால வேணும்.

பதினாலு வருசத்துக்கு முன்னால பாயும் நானும் ரோஜா நகர்ல மனை வாங்குனோம். ரோஜா நகர்னா ரோஜா இருக்கும்னு நினைக்காதீக, வெறும் கருவேல முள்ளுதான். மனை வித்த ஆளு ஒரு கலர் நோட்டீஸ் கொடுத்தாரு. அதுல பாய் வாங்குன பதினேழாம் நம்பர் மனைக்கு நேரெதுரா பச்சைப் பசேல்னு பூங்கா. அதுக்குள்ள ஒரு வெள்ளைக்காரப் பொம்பள நாயைப் பிடிச்சுக்கிட்டு நடந்து போற மாதிரி படம். பாய் சம்சாரம் ரஃபியாவுக்கு அம்மா வீட்டுத் தெருவை விட்டு வரவே இஷ்டம் இல்ல. பாய் அந்தப் படத்தைக் காட்டித்தான் சம்மதிக்க வச்சாரு. "இந்தா பாரு ரஃபியா. நாய் நமக்கு வேணாம். மத்தபடி இதுல நடக்குறது நீதான்"னாரு.

வீடு வந்துச்சு, ரோடு வந்துச்சு, பூங்கா மட்டும் வரல. பூங்காவுக்குன்னு விட்ட இருபது சென்ட்ல தங்கப்பாண்டியன் தன்னோட ஜேசிபியையும் ரெண்டு டிராக்டரையும் நிறுத்தி வச்சிருந்தாரு. தங்கப்பாண்டியன் யாருன்னா, எங்க கவுன்சிலர் சொர்ணலதாவோட வீட்டுக்காரரு. கவுன்சிலரம்மா வேலை கையெழுத்துப் போடுறது. பேசுறது, சிரிக்கிறது, கோவப்படுறது எல்லாம் வீட்டுக்காரரு பொறுப்பு.

அதுவரைக்கும் பாயும் பெரிசா கண்டுக்கல. பிறகு ரஃபியாவுக்கு நெஞ்சுவலி வந்து, தேனி ஆஸ்பத்திரியில பத்து நாள் கிடந்துச்சு. வீட்டுக்கு அனுப்புறப்ப டாக்டர் ஒரே விசயத்தை மூணு தடவை சொல்லி அனுப்புனாரு. தினம் நாப்பது நிமிசம் நடக்கணும், விட்டா மறுபடி இங்கனதான் வரணும்னு. எங்கன நடக்குறது? ரோட்டுல இறங்குனா வாழைத்தார் லாரி, குமுளி ஜீப்பு, பத்தாததுக்கு எங்க தெரு நாய்க. மொட்டை மாடியில நடந்தா பதினோரு எட்டுல சுவரு வந்துரும். திரும்பித் திரும்பித் தலை சுத்தி, ஒருநாள் தண்ணித் தொட்டி மேல சாஞ்சிருச்சு. கடைசியில வீட்டுக்குள்ள சோபாவைச் சுத்தி நடக்க ஆரம்பிச்சுச்சு. பாய் செய்தி பாக்க உக்காந்தா ஒவ்வொரு சுத்துக்கும் காலைத் தூக்கி வழி விடணும். "நடக்குறது அவளா, எக்சர்சைஸ் பண்றது நானான்னே தெரியல அய்யாத்துரை"ன்னு சிரிப்பாரு. சிரிச்சுட்டு, "சரி, பூங்காவுக்கு ஒரு மனு அடி"ம்பாரு.

ஏழு வருசத்துல முப்பத்தோரு மனு. அத்தனையும் என் விரல்தான் அடிச்சது.

முதல் மனுவுக்கு, அந்த இடத்தை மனை வித்த ஆளு நகராட்சிக்கு எழுதியே தரலைன்னு பதில் வந்துச்சு. பாய் நடையா நடந்து, எழுதிக் கொடுத்த தானப் பத்திரத்தோட நகலை எடுத்துட்டு வந்தாரு. "ஓ, இடம் நம்மளுதா"ன்னு ஆச்சரியப்பட்டாக. அடுத்து மன்றத் தீர்மானம் வேணும்னாக. ஒரு கூட்டத்துல ஆளு பத்தல. ஒரு கூட்டத்துல ஆளு எல்லாம் இருந்தாக, தீர்மானப் புத்தகத்தைக் காணோம். ஒருவழியா தீர்மானம் ஆனப்ப எஸ்டிமேட் போடுற இன்ஜினியருக்கு மாறுதல் வந்துருச்சு. புதுசா வந்தவரு இடத்தைப் பாக்கப் போயி, ஜேசிபி எந்த வருசத்து மாடல்னு விசாரிச்சுட்டு வந்தாரு. ஒவ்வொரு தடவையும் பாய் போனுக்கு 'தங்கள் மனு சம்பந்தப்பட்ட துறைக்கு அனுப்பப்பட்டது'ன்னு மெசேஜ் மட்டும் தவறாம வரும். "அந்தத் துறை எங்கனதான் இருக்கு? பஸ் ஏறிப் போய்ப் பாத்துட்டாவது வந்துரலாம்"பாரு பாய்.

கடைசியா ஃபைல்ல ஒரு குறிப்பு ஏறுச்சு. 'மேற்படி இடம் பாறைப் பாங்கானது. செடிகொடிகள் வளர வாய்ப்பில்லை. வாகன நிறுத்தமாகப் பயன்படுத்தலாம்.' யாரு சொல்லி ஏறுச்சுன்னு நான் வேற விளக்கணுமாக்கும்!

பந்தல்காரரு கிட்டப் போய் இந்த மண்ணுல செடி வராதுன்னா சும்மா இருப்பாரா? ஒரு பை மண்ணை அள்ளிக்கிட்டுப் பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரிக்குப் போயி டெஸ்ட் பண்ணிட்டு வந்தாரு. அருமையான மண்ணுன்னு எழுதிக் கொடுத்தாக. அதைக் கொண்டுபோய் ஆபீசுல நீட்டுனா, அங்க இருந்தவரு ரெண்டு தடவை படிச்சுட்டு, "மண்ணு நல்லாருக்குன்னு இருக்கு. செடி வளரும்னு எங்க இருக்கு?"ன்னாரு. எனக்கு வந்த கோவத்துக்கு மேசையைக் கவுத்திருப்பேன். பாய் நிதானமா காகிதத்தை மடிச்சுச் சட்டைப் பையில வச்சாரு. "வளத்துக் காட்டுறேன்"னாரு.

ஜேசிபியும் டிராக்டரும் ஒரு மாச வேலைக்குக் கேரளா போயிருந்த நேரம் பாத்து, எங்க நகர்ல இருந்த அத்தனை பேரும் இறங்குனோம். இங்கனதான் எங்க புத்தி எங்களைக் கவுத்துச்சு. வேற ஊருக்காரவுகன்னா புல்லு போடுவாக, பூச்செடி வைப்பாக. எங்க பள்ளத்தாக்கு ஆளுகளுக்குச் சும்மா கிடக்குற மண்ணைக் கண்டா கை ஊறும். திங்க முடியாததை எதுக்கு நடணும்னு கேப்பாக. பாய் இருபத்தி நாலு கல்லுக்கால் ஊனி, அச்சுப் பிசகாம கம்பி இழுத்து, சுருளிப்பட்டியில இருந்து பன்னீர் திராட்சைக் கன்னு கொண்டாந்து வச்சாரு. ரஃபியா நடக்குறப்ப தலைக்கு மேல நிழல் வேணும்னுதான் பந்தல். என் பொண்டாட்டி நாலு மூலையிலயும் வாழை வச்சா. ஒருத்தர் முருங்கை, ஒருத்தர் வேலியெல்லாம் அவரை. தங்கப்பாண்டியன் திரும்பி வந்து பாத்துட்டு, ஜேசிபியை நிறுத்த இடமில்லாம ரோட்டுலயே நிறுத்துனாரு. அந்த ஒரு நாளுக்காகவே இன்னொரு பந்தல் போடலாம்.

ரெண்டு வருசத்துல பாக்கணுமே! கொத்துக் கொத்தா, கன்னங்கரேல்னு தொங்குச்சு. நகர்ல ஒரு வீடு பாக்கியில்லாம பழம் போச்சு. "இப்பச் சொல்லச் சொல்லு பாறைன்னு"ன்னு பாய் மீசையைத் தடவுனாரு.

இன்ஸ்பெக்சனுக்கு வந்தது புது நகரமைப்பு ஆய்வாளர், மகிமா மேடம். போடி பஜார்ல பாத்திரக்கடைக்காரவுக மக. வேலைக்குச் சேந்து மூணு மாசம்தான் ஆச்சு. முப்பத்தோராவது மனுவைப் படிச்சுட்டு நேர்லயே வந்துட்டாக. ஒரு அதிகாரி தானா வந்து நின்னதும் பாய்க்குத் தலைகால் புரியல. எங்க பக்கம் ஒரு வழக்கம் உண்டு. தோட்டத்துக்கு வந்த ஆளை வெறுங்கையோட அனுப்புனா அது மகா கேவலம். பாய் கத்தரிக்கோலை எடுத்துக்கிட்டு ஓடுனாரு. நான் பையை விரிச்சுப் பிடிச்சேன்.

"யாரு தோட்டம் பாய் இது?"ன்னு மேடம் கேட்டாக.

"நம்ம தோட்டம்தாம்மா! சாப்புடுங்க, மருந்து அடிக்காத பழம்."

"எத்தனை வருசமா வச்சிருக்கீங்க?"

"ரெண்டு ஆகப் போகுதும்மா. இது ரெண்டாவது காய்ப்பு."

"போட்டது எல்லாம் நீங்கதானா?"

"பின்ன? ஒவ்வொரு கல்லும் என் கையால ஊனுனது!"

மேடம் போனை எடுத்து, "அந்தக் குலையைக் கொஞ்சம் தூக்கிப் பிடிங்க"ன்னாக. பாய் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு, அவரு நிக்காவுலகூட அப்படிச் சிரிச்சிருக்க மாட்டாரு, அப்படிச் சிரிச்சாரு. நானும் பக்கத்துல பல்லைக் காட்டிக்கிட்டு நின்னேன். படத்துல என் பாதித் தோள் மட்டும் விழுந்துச்சு.

ஒன்பதாம் நாள் பாய் வீட்டுக் கதவுல நோட்டீஸ் ஒட்டிட்டாக. நகராட்சிப் பூங்கா இடத்தை ஆக்கிரமித்துத் திராட்சைத் தோட்டம் நடத்தி வரும் சேக் பரீத் என்பவர் ஏழு நாளைக்குள்ள காலி பண்ணணுமாம். கூடவே அந்தச் சிரிச்ச படம், கலர்ல. என் தோளுக்கு நோட்டீஸ் வரல.

பத்து வருசத்துக்கு மேல ஜேசிபி நின்னுச்சு, ஒரு துண்டுச் சீட்டு ஒட்டுனாகளா? தங்கப்பாண்டியன் வந்து துக்கம் விசாரிக்கிற மாதிரி, "பொது இடத்துல இப்படிப் பண்ணலாமா பாய்?"னு கேட்டுட்டுப் போனாரு. வெள்ளிக்கிழமை தொழுகை முடிஞ்சு வெளிய வந்தா, "என்ன பாய், பார்க்கை வளைச்சுட்டீகளாமே"ன்னு கிண்டல். அதையெல்லாம் பாய் தாங்கிக்கிட்டாரு. சுருளிப்பட்டியில ஒரு வரப்புத் தகராறுக்கு வரச் சொல்லியிருந்தவுக போன் பண்ணி, "பரவால்ல பாய், நாங்க சர்வேயரையே வச்சு அளந்துக்கிறோம்"னாக பாருங்க, அதுலதான் மனுசன் சுருங்கிப் போயிட்டாரு. ரெண்டு நாள் சாப்புடலைன்னு ரஃபியா என் பொண்டாட்டி கிட்டச் சொல்லி அழுதுச்சு.

மூணாம் நாள், பாய் ஆக்கிரமிக்கவே இல்லைன்னு ஒரு மறுப்பு அடிச்சு எடுத்துக்கிட்டு, நானும் பாயும் மகிமா மேடத்தைப் பாக்கப் போனோம். மேடம் எங்களை உக்கார வச்சாக. பழைய மனு எல்லாத்தையும் எடுத்துப் படிச்சிருந்தாக போல, முகமே வாடிப் போயிருந்துச்சு.

"பாய், நான் பாத்ததைத்தான் எழுதினேன். எழுதினதை இனி அழிக்க முடியாது"ன்னாக. "நீங்க மறுப்புக் கொடுத்தா இது தகராறுள்ள இடம்னு ஆயிடும். சட்டப் பிரிவுக்குப் போகும், கோர்ட்டுக்குப் போகும். முடியிற வரைக்கும் யாரும் அதுல ஒரு கல்லைக்கூட அசைக்க முடியாது."

"எத்தனை நாளும்மா ஆகும்?"

மேசை மேல ரெண்டு கட்டு இருந்துச்சு. ஒண்ணு தலையணை மொத்தம், எங்க முப்பத்தோரு மனு. இன்னொண்ணு நாலே காகிதம். மேடம் அந்த நாலு காகிதத்துல கையை வச்சாக.

"இது வேற மாதிரி பாய். ஆமா, ஆக்கிரமிச்சேன், ஒப்படைக்கிறேன்னு நீங்க எழுதிக் கொடுத்தா, இது மீட்கப்பட்ட இடம். மீட்ட இடத்தைச் சும்மா விடக் கூடாது. அளந்து, வேலி போட்டு, என்னத்துக்கு ஒதுக்கினதோ அதை அமைச்சு, போட்டோவோட மேலிடத்துக்கு அறிக்கை அனுப்பணும். அதுக்கு இந்த வருசம் தனி நிதியே இருக்கு. மூணு மாசத்துல பூங்கா வந்துரும். ஆனா உங்க பேரு இதுல நிரந்தரமா இருக்கும்."

ஏழு வருசம் கெஞ்சுனப்ப அசையாத ஃபைலு, திருடன்னு பேரு வந்ததும் ஓடுதாம். நான் அங்கனயே கத்திட்டேன். பாய்தான் கையைப் பிடிச்சு வெளிய இழுத்துட்டு வந்தாரு.

கடையில வந்து உக்காந்து, "ரெண்டாவதையும் அடி. ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பாக்குறேன்"னாரு. நான் பல்லைக் கடிச்சுக்கிட்டு, கம்ப்யூட்டர்ல கிடந்த பழைய ஒப்படைப்பு ஃபார்மை எடுத்து, பேரை மட்டும் மாத்தி பிரிண்ட் போட்டேன். ரெண்டு காகிதமும் மேசையில. பாய் பேனாவைத் திறக்குறாரு, மூடுறாரு.

அப்பப் பாத்து ரஃபியா வந்துருச்சு. அரைக் கிலோமீட்டர் வெயில்ல நடந்து, மூச்சு இரைக்க, சுவத்தைப் பிடிச்சுக்கிட்டு நின்னுச்சு. விசயம் அதுக்குள்ள தெரிஞ்சு போச்சு.

"ஏங்க, அதுல கையெழுத்துப் போடாதீக. எனக்குப் பார்க்கு வேணாம். நான் சோபாவைச் சுத்தியே நடந்துக்கிறேன். உங்களை யாரும் ஒரு சொல்லு சொல்லக் கூடாது. அண்ணே, நீங்களாவது சொல்லுங்க."

நானும் போடாதீக பாய்னுதான் சொன்னேன். பாய் எங்க ரெண்டு பேரையும் பாக்கல. ரஃபியா நெஞ்சு ஏறி இறங்குறதையே பாத்துக்கிட்டு இருந்தாரு. பிறகு ரெண்டாவது காகிதத்தை இழுத்து, ஒரே மூச்சுல கையெழுத்தைப் போட்டு, என் கையில கொடுத்தாரு. ரஃபியா அங்கன இருந்த ஸ்டூல்ல உக்காந்து அழுதுச்சு. எனக்கும் கண்ணு கலங்கிருச்சு, மூஞ்சியை ஜெராக்ஸ் மிசின் பக்கம் திருப்பிக்கிட்டேன்.

அப்புறம் நடந்த வேகத்தைச் சொன்னா நம்ப மாட்டீக. அடுத்த வாரம் சர்வேயர் வந்து கல்லு நட்டாரு. அதுக்கு அடுத்த வாரம் கம்பி வேலி. நடைபாதை, நாலு பெஞ்சு, கேட்டு எல்லாம் வந்துச்சு. பந்தலைப் பிரிச்சுருவாகளோன்னு பயந்தோம். மகிமா மேடம் அதை 'மீட்கப்பட்ட சொத்து, கல்லுக்கால் இருபத்து நான்கு, கொடி பதினெட்டு'ன்னு எழுதி நகராட்சிக் கணக்குல ஏத்திட்டாக. சொத்தை எவன் பிரிப்பான்? அந்தப் பிள்ளை நல்லா இருக்கணும்.

திறப்பு விழாவுல தங்கப்பாண்டியன் மைக்கைப் பிடிச்சு, "ஆக்கிரமிப்பாளர்களோடு போராடி இந்த இடத்தை மீட்டோம்"னு முழங்குனாரு. ஜேசிபி நிறுத்துன ஆளு! கூட்டத்துல என் பொண்டாட்டி என் சட்டையைப் பிடிச்சுக்கலைன்னா நான் மேடை ஏறியிருப்பேன்.

மறுநாள் காலையில ரஃபியா பந்தலுக்கடியில முத சுத்து நடந்துச்சு. நான் கேட்டைத் திறந்து பிடிச்சுக்கிட்டு, "வாங்க பாய்"ன்னேன். பாய் வரல. ரோட்டுக்கு அந்தப் பக்கம், அவரு வாசல்ல சேரைப் போட்டு, கையில வாட்சைக் கழட்டி வச்சுக்கிட்டு உக்காந்திருந்தாரு.

"நீ போ. நான் வரக் கூடாதுல்ல"ன்னாரு.

"யாரு சொன்னா?"

"நீதான் அடிச்சுக் கொடுத்த. 'இனி எக்காலத்திலும் மேற்படி இடத்தில் பிரவேசிக்க மாட்டேன் என உறுதி கூறுகிறேன்.' கடைசி வரி."

பழைய ஃபார்ம்ல இருந்த வரி. ஆயிரம் பேருக்கு அடிச்ச வரி. நான் படிக்கவே இல்ல, அவரு படிச்சிருக்காரு. "பாய், அது என் தப்பு. அதை எவனும் பாக்க மாட்டான், வாங்க"ன்னு கெஞ்சுனேன்.

"அதுக்குக் கீழ என் கையெழுத்து இருக்குல்ல அய்யாத்துரை?"ன்னாரு.

அந்த வரியை எடுக்கச் சொல்லி முப்பத்தி ரெண்டாவது மனு போட்டிருக்கேன். பாய்க்காக இல்ல, என் பேர்லயே போட்டேன். சம்பந்தப்பட்ட துறைக்கு அனுப்பப்பட்டதுன்னு மெசேஜ் வந்துச்சு. எட்டு மாசம் ஆச்சு. கொடியைக் கவாத்து வெட்டுற பருவத்துல நகராட்சித் தோட்டக்காரருக்கு அதுல ஒண்ணும் தெரியல. ரஃபியா கத்தரிக்கோலோட உள்ள நிக்க, பாய் வெளிய நின்னு, "ரெண்டாவது கணுவுல வெட்டு, அது இல்ல, அதுக்கு அடுத்தது"ன்னு வேலிக்கு மேல கத்திக் கத்தி வேலை வாங்குனாரு. ஊரே நின்னு வேடிக்கை பாத்துச்சு.

இன்னைக்குக் காலையிலயும் பாத்தேன். "நாப்பது ஆச்சு ரஃபியா, வா"ன்னு பாய் சேர்ல இருந்து சத்தம் கொடுத்தாரு. "இன்னொரு சுத்துங்க"ன்னுச்சு அது. பாய் எந்திரிச்சு வந்து, வேலிக்கு வெளிய ரோட்டோரமா, அதுகூடவே பேசிக்கிட்டு நடந்தாரு. பாதை உள்பக்கம் திரும்புற இடத்துல நின்னு, அது மறுபடி சுத்தி வர்ற வரைக்கும் அங்கனயே காத்துக்கிட்டு இருந்தாரு.